இரண்டாவது சீடி

என் மதினி எதையும் ஒரே மூச்சில் முடித்து நான் பார்த்ததில்லை. கடலைமிட்டாய் கொடுத்தால் பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொள்வாள். ஊர்க்கதை பேச உட்கார்ந்தால் நமக்குக் காது நீளும் இடமாகப் பார்த்து எழுந்துவிடுவாள். "மீதி இருக்கட்டும்ட்டி, நாளைக்குச் சொல்லுதேன்" என்பதுதான் அவள் வாயிலிருந்து அதிகம் கேட்ட பேச்சு.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகள். அவருக்கு அக்கா, எனக்கு நாத்தனார், என் மகள் அபிக்கு அத்தை. கோவில்பட்டியில் எங்களுக்கு எதிர்வீடு. நேரில் பேசும்போது மரியாதையாக "அவிய, இவிய" என்றுதான் சொல்வேன். மனசுக்குள் எப்போதும் "அவள்"தான். எழுதும்போதும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் கல்யாணமாகி வந்த புதிதிலேயே அவள் என்னைப் பிடித்துவிட்டாள். "ஒன் மாமியாருக்கும் எங்கம்மைக்கும் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சுல்லா, அது எதனாலன்னு தெரியுமாட்டி?" என்று ஆரம்பித்தாள். ஒரு கல்யாண வீடு, ஒரு பட்டுச்சேலை, பந்தியில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை என்று கதை ஏறிக்கொண்டே போனது. அந்த வார்த்தை என்ன என்று சொல்லும் நேரத்தில், அடுப்பில் உலை வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நானே அவள் வீட்டுப் படியேறினேன். எங்கள் கொல்லையிலேயே கறிவேப்பிலை மரம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகன் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனி வைத்திருந்தான். வரச்சொல்லி மாதம் தவறாமல் கூப்பிடுவான். "அங்கன தையல் மிஷின் சத்தத்துல படத்துல வசனம் ஒண்ணும் கேக்காது" என்று சொல்லி மறுத்துவிடுவாள். இப்படி ஒரு காரணத்துக்காக மகன் வீட்டுக்குப் போகாமல் இருந்த தாய் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான்.

படம் என்றால் சீடி. ஊரே செல்போனில் படம் பார்க்க ஆரம்பித்த பிறகும் மதினி சீடி வாங்கிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அண்ணாச்சி சீடிக்கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்தக் கடைக்குள் நுழைந்தால், கோயிலில் நின்றதைவிட அங்கே அதிக நேரம் நிற்பாள்.

அந்தச் சீடியில் ஒரு படம் முழுசாக அடங்காது. ஒரு படத்துக்கு இரண்டு சீடி. முதல் சீடி எங்கே முடியும் என்பதற்கு எந்த ஒழுங்கும் கிடையாது. கதாநாயகன் அடிக்கக் கையை ஓங்குவான், திரை நீலமாகிவிடும். மற்ற வீடுகளில் எழுந்து ஓடி அடுத்த சீடியைப் போடுவார்கள். மதினி பிளேயரை அணைத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள். மீதி மறுநாள் சாயங்காலம்தான். யார் கெஞ்சினாலும் நடக்காது. ஒருமுறை என் வீட்டுக்காரரே, "யக்கா, நாளைக்கு நான் விளாத்திகுளம் போறேன், எனக்கு மட்டும் போட்டுக் காட்டேன்" என்று கேட்டுப் பார்த்தார். "போயிட்டு வா. மீதி எங்கயும் ஓடிப் போயிராது" என்றாள்.

துண்டைப் போட்டதும்தான் உண்மையான படம் ஆரம்பிக்கும். தெருப் பெண்கள் நாலைந்து பேர், என் வீட்டுக்காரர், அபி எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்து மேற்கொண்டு என்ன நடக்கும் என்று பேசுவார்கள். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்பாள் ஒருத்தி. அம்மாக்காரிக்கு எல்லாம் தெரியும், வாயைத் திறக்க மாட்டாள் என்பாள் இன்னொருத்தி. அப்படியே பேச்சு படத்தை விட்டு நகர்ந்து, அவரவர் வீட்டுத் தங்கச்சி, அவரவர் வீட்டு அம்மா என்று போய்விடும். மதினி வாயே திறக்க மாட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

அபிதான் எல்லாரையும்விட அதிகம் பேசுவாள். அதுதான் எனக்குத் தாங்காது. வீட்டில் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவள் அவள். எதிர்வீட்டில், கதாநாயகி ஏன் பொய் சொன்னாள் என்பதை விளக்கும் சாக்கில், தன் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்ன பொய்யையும் அதனால் தான் அழுததையும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகள் பள்ளிக்கூடத்தில் அழுத விஷயம் எனக்கு அத்தை வீட்டு வாசலில் நின்று கேட்டுத்தான் தெரிய வேண்டியிருந்தது. காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு தெருவைத் தாண்டி ஓடுவாள். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில் முடிவு தெரிந்துவிட்டதாம், அத்தையிடம் சொல்ல வேண்டுமாம். அவள் அங்கே சிரிக்கிற சிரிப்பு என் அடுப்படிவரை கேட்கும். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பூசி மெழுக ஒன்றுமில்லை. பொறாமைதான்.

மதினியிடம் நியாயம் பேசிப் பார்த்தேன். "மதினி, இப்பம் போயி யாராச்சும் சீடி வாங்குவாவளா? எல்லாம் போன்ல வருது. நாளைக்கு அந்த மிஷினு ரிப்பேரானா பாக்கதுக்கு ஊர்ல ஆளு கிடையாது. எதுக்கு இப்படி வாங்கி அடுக்குதீங்க?"

அவள் சீடி ஒன்றின் கீறல்மேல் பற்பசையைத் தடவிப் பஞ்சால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போன்ல வாரது முழுசா வருதுல்லா?" என்றாள்.

"ஆமா, முழுசா வருது."

"அதான் வேண்டாங்கேன்."

ஏன் என்று கேட்பதற்குள் சீடியை உறையில் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். அந்த மீதியையும் அவளே வைத்துக்கொண்டாள்.

எங்களுக்கு மாட்டுத்தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. அந்த வருஷம் வியாபாரம் கொஞ்சம் நன்றாக இருந்தது. நச்சரித்து நச்சரித்து, சுவரில் பாதி இருக்கிற டிவி ஒன்றும் அதற்கு நெட் கனெக்‌ஷனும் வாங்க வைத்தேன். வந்தவர் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அபியை உட்கார வைத்து, உனக்கு எந்தப் படம் வேண்டும், சொல், எது வேண்டுமானாலும் வரும் என்றேன். ஒரு படத்தைப் போட்டாள். பிடிக்காத இடத்தைத் தள்ளினாள், பாட்டைத் தள்ளினாள், சண்டையைத் தள்ளினாள், முடிவு வந்துவிட்டது. இன்னொன்று போட்டாள். அதையும் தள்ளினாள். நான் முறுக்குத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசுவதற்கு எங்கேயும் இடமே வரவில்லை. ஆறரை மணிக்கு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கட்டி போற?"

"அத்த வீட்டுக்கு. இன்னைக்கு ரெண்டாவது சீடி."

"அந்தப் படமே இதுல இருக்குட்டி. இப்பமே போடுதேன், பாரு."

"இதுல எல்லாம் இருக்கும்மா" என்றாள். குறையாகத்தான் சொன்னாள்.

மதினியை ஒரு தடவையாவது எல்லார் முன்னாலும் தோற்க வைத்துவிட வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். வாய்ப்பு வந்தது. ஒரு படத்தில் முதல் நாள், கிராமத்து டீச்சரைக் காதலிக்கும் கதாநாயகன், வில்லன் செய்த சூழ்ச்சியில் பழி சுமந்து ஊரை விட்டு ரயிலேறினான். அதோடு திரை நீலமானது. அன்றைய பேச்சு ரொம்ப உருக்கமாக நடந்தது. மறுநாள் இரண்டாவது சீடியைப் போட்டால் அதே கதாநாயகன் போலீஸ் உடுப்பில் வந்து நிற்கிறான். வேறு ஒருத்தி அவனுக்குக் காபி கொடுக்கிறாள். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை வேறு.

"இது யாருட்டி புதுசா?" என்றாள் பால்காரம்மா.

மதினி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "ஊரை விட்டுப் போனவன் படிச்சுப் போலீஸாயிட்டான். டீச்சரு போய்ச் சேந்திருப்பா, பாவம். இவ ரெண்டாந்தாரம்" என்றாள்.

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். முதல் நாள் வில்லனாக வந்த நடிகர் இப்போது அந்தப் பெண்ணுக்கு அப்பாவாக வந்து, விபூதி பூசிக்கொண்டு, கண்ணீர்விட்டார். "பாத்தியா, திருந்திட்டான்" என்றாள் மதினி. "தான் செஞ்ச பாவத்துக்குப் பெத்த மவளையே அவனுக்குக் குடுத்திருக்கான்." பால்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரும் தொண்டையைச் செருமினார். எனக்கு அப்போதே சந்தேகம். மூலையில் உட்கார்ந்து செல்போனில் தேடினேன். கடையில் சீடியை மாற்றிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இது அதே நடிகரின் வேறு படம், அதன் பின்பாதி.

"இது வேற படம்!" என்று சத்தமாகச் சொன்னேன். "ரெண்டும் வேற வேற படம். டீச்சரும் சாவல, ஒருத்தரும் திருந்தல. எல்லாரையும் மடையராக்குதாவ!"

யாரும் திரும்பவில்லை. மதினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கட்டும்ட்டி. முடிஞ்சதுக்குப் பொறவு சொல்லு" என்றாள். படியிறங்கும்போது அபி, "ஒனக்கு ஏம்மா இந்த வேல?" என்று கேட்டாள்.

நான் விடுவேனா? மறுநாள் என் வீட்டு டிவியில் அந்தப் படத்தின் உண்மையான பின்பாதியைப் போட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். ரயிலேறிப் போனவன் பணக்காரனாகித் திரும்பி வந்தான், வில்லனை அடித்தான், டீச்சரைக் கட்டிக்கொண்டான். முடிந்தது. முறுக்கைத் தின்றுகொண்டிருந்த பால்காரம்மா, "இதுல ஒண்ணுமே இல்லியே தாயி. ஒங்க மதினி போட்டதுதான் நல்லாருந்துச்சு" என்றாள். உண்மையைச் சொன்னவளுக்கு எங்கள் தெருவில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருஷம் சீடிக்கடை அண்ணாச்சி, இனி இது ஓடாது, செல்போன் கவர் விற்கப் போகிறேன் என்று இருந்த சரக்கை எல்லாம் தள்ளிவிட்டார். மதினி ஆட்டோ வைத்துக்கொண்டு போய் அள்ளிக்கொண்டு வந்தாள். கூடவே புதுசாக ஒரு பிளேயர். "ஏற்கெனவே ஒண்ணு ஓடுதுல்லா மதினி, பொறவு இது எதுக்கு?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். அவள் எதற்காக வாங்கினாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மதினிக்கு முழங்கால் முற்றிலும் மடங்காமல் போனபோது மகன் வந்து கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனான். நான் பலகாரமெல்லாம் செய்து கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனி அந்தச் சிரிப்பு எதிர்வீட்டில் கேட்காது, என் வீட்டில்தானே கேட்டாக வேண்டும்? வண்டி கிளம்பும் நேரத்தில் மதினி அபியைக் கூப்பிட்டு, பழைய பிளேயரையும் இரண்டு அட்டைப்பெட்டி சீடியையும் கொடுத்தாள். "எல்லாம் ஒனக்குத்தான் மருமவளே. இன்னும் போடாத படம் நெறைய இருக்கு." அபி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வண்டி போன பிறகு பெட்டியைப் பிரித்தோம். ஒவ்வொரு உறையிலும் ஒரு சீடிதான் இருந்தது. எல்லாமே முதல் சீடி. இரண்டாவது சீடிகளைப் புது பிளேயரோடு புதியம்புத்தூருக்குக் கொண்டு போய்விட்டாள்!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அபியோ விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் சீடியைப் போட்டுப் பார்ப்பாள். திரை நீலமானதும் போனை எடுத்து அத்தையிடம் பேச ஆரம்பித்துவிடுவாள். "மீதிய டிவியில போடவாட்டி?" என்றால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். சனிக்கிழமை வந்தால் பஸ்ஸேறிவிடுவாள். மதினி அங்கிருந்தும் தேடித் தேடி வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். சட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வரும் வண்டியில் முதல் சீடி மட்டும் வந்து சேரும். அதை எங்கள் தீவனக் கடையில் வாங்கி வைக்கிற வேலை எனக்கு. என் மகளை என்னிடமிருந்து கூப்பிடுகிற அழைப்பை நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை அபியோடு நானும் போனேன். பசுவந்தனை தாண்டியதும் இரண்டு பக்கமும் உளுந்து பச்சையாக நின்றது. எனக்கு அதைப் பார்க்க மனசு ஓடவில்லை. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அபி குளிக்கப் போன நேரத்தில் கேட்டேன்.

"மதினி, நேராவே கேக்குதேன். எதுக்குப் பாதிய இங்கன வச்சிருக்கீங்க? எம்மவள இழுக்கதுக்குத்தான?"

அவள் மறுப்பாள், அப்படியெல்லாம் இல்லை என்பாள், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். மதினி கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "பின்ன எதுக்குட்டி?" என்றாள். "நீ பெத்தவ. ஒனக்கு அவ தானா வருவா. எனக்கு அப்படியா? அவளுக்கு இங்கன என்ன இருக்கு, இந்தக் கெழவியப் பாக்க வாரதுக்கு? மீதி இருந்தாத்தான வருவா."

பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீயும் அப்படித்தான வந்த, கறிவேப்பிலைக்கு."

தானாக வருவாளாம்! என் வீட்டில் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவளைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள் என்பதைக்கூட என்னால் அனுபவிக்க முடியவில்லை.

அபிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பழைய பிளேயரையும் முதல் சீடிகளையும் கொண்டு போனாள். நான் கட்டிக் கொடுத்த பருப்புப்பொடியை மறந்து வைத்துவிட்டுப் போனாள். மதினி போன வருஷம் இறந்தாள். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவள், பாதி டம்ளரை வைத்துவிட்டுச் சாய்ந்தாளாம். அபி அழுத அழுகையைப் பார்த்தபோது, நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்றுதான் தோன்றியது. இழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி நினைத்தேன். நினைத்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கிளம்பும்போது அவள் மகன் சட்டை அடுக்குகிற ஒரு பெரிய பெட்டியை எங்கள் வண்டியில் ஏற்றினான். "அம்மா அபிக்குக் குடுக்கச் சொன்னாவ, அத்த" என்று என்னிடம் சொன்னான். திறந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது சீடிகள், கூடவே அந்தப் புது பிளேயர்.

அந்த வாரமே அபி போன் செய்தாள். "பெட்டி வந்துருச்சாம்மா? அப்படியே கொரியர்ல போட்டு விட்டுரு."

நாளைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மீதி இங்கன இருக்கட்டும்ட்டி" என்றேன். "பொங்கலுக்கு வந்து பாத்துக்கோ."

அபி சிரித்தாள். எதிர்வீட்டிலிருந்து என் அடுப்படிவரை கேட்குமே, அதே சிரிப்பு. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அது என் காதுக்கென்று வந்தது. "யம்மா, அத்த மாதிரியே சொல்லுத" என்றாள். சந்தோஷத்தில் பாதியை அங்கேயே பிடுங்கிக்கொண்டுவிட்டாள் மதினி.

பொங்கலுக்கு வந்தாள். சித்திரைக்கும் வந்தாள். படம் பார்த்ததைவிட, பார்ப்பதற்கு முன்னால் என்ன ஆகும் என்று பேசியதுதான் அதிகம். அவள் ஆபீஸில் ஒரு பையன் இருக்கிறான் என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். இடையிடையே "அத்த இருந்தா இந்த இடத்துல ஒண்ணு சொல்வாவ" என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உம் கொட்டுவேன். ஆனால் ஒவ்வொரு முறை அவள் வந்து போகும்போதும் பெட்டியில் பார்க்காத சீடி குறைந்துகொண்டே வந்தது. தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

போன வாரம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். ஜங்ஷன் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகத்துக்கு நடுவே சீடிகள் கிடந்தன. குனிந்து கிளற ஆரம்பித்தேன்.

"இதப் போடதுக்கு வீட்ல மிஷினு இருக்காக்கா?" என்றான் கடைக்காரன்.

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, சுவரளவு டிவி கெடக்கு. அதுல எல்லாம் வருதே, இந்தக் குப்பைய எதுக்கு வாங்குத?"

"முழுசா வருதுல்லா, அதான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு சீடியும் கீறலில்லாமல் இருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே படம்தானா என்றும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் கொரியர் ஆபீஸில் உறையைத் திறந்து பார்த்த பெண், "அக்கா, மேல ரெண்டு சீடின்னு போட்டிருக்கு. உள்ள ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

"ஒண்ணுதான் போவுது. ஒட்டும்மா."

சென்னையில் அதைப் பிரித்துப் பார்த்ததும் அபிக்கு அத்தை ஞாபகம்தான் வரும். வரட்டும். மீதிக்கு வர வேண்டியது என் வீட்டுக்கு.